சென்றாயன் கட்டாத மாடி

1937ஆம் ஆண்டு தைப் பொங்கலுக்கு முந்தின வாரம், கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் சென்றாயனின் புல்வேய்ந்த வீட்டுக்கு மேலே, ஒன்றுமில்லாத வெட்டவெளியில், பினாங்கிலிருந்து வந்த நான்கு பேர் பாய் விரித்துத் தூங்கினார்கள். இது சென்றாயன் வாயால் வந்த வினை. பினாங்கு ரப்பர் தோட்டத்தில் கிடந்த காலத்தில், ஊரில் தனக்கு மாடி வீடு இருப்பதாகவும், கிழக்குப் பக்கம் படிக்கட்டு என்றும், சமைத்துப் போட ஆள் உண்டென்றும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வைத்திலிங்கத்திடம் அளந்திருந்தான். அளந்ததோடு விட்டானா? பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியும் வைத்தான். வைத்திலிங்கம் சிநேகிதன் சொல்லைச் சந்தேகப்படத் தெரியாத மனிதர். கப்பல் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டி வரை பஸ்ஸில் வந்து, மனைவி செண்பகவல்லியோடும் இரண்டு பெண்களோடும் மலையேறி நடந்து வந்தவர், கை கால் கழுவிக்கொண்டு நேராகக் கிழக்குப் பக்கம் போய்ப் படியேறினார். மற்ற மூவரும் பின்னாலேயே ஏறினார்கள். ஊரார் வந்து அண்ணாந்து பார்த்தார்கள், காற்று நன்றாக வரும் என்றார்கள், மிளகு பறிக்கப் போய்விட்டார்கள்.

சென்றாயனின் மனைவி கண்ணாயியும் ஒருமுறை அந்தப் படியில் கால் வைத்துப் பார்த்தாள். படி இல்லை. முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம். அதன் பிறகு சோற்றைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி மேலே அனுப்பினாள். அதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. வந்த அன்றே செண்பகவல்லி, "உங்க சம்சாரம் எங்கே தம்பி?" என்று கேட்டபோது, கரிக்கையோடு எதிரே நின்ற கண்ணாயியைப் பார்த்துக்கொண்டே சென்றாயன் சொன்னான்:

"பொறந்த ஊட்டுக்குப் போயிருக்கறாளுங்க. இவ சமையலுக்கு இருக்கறவ."

அவன் கப்பலேறிப் போன பிறகு காட்டைக் கொத்திச் சாமை விதைத்தது யார்? மிளகுக் கொடி ஏற்றியது யார்? படுக்கையில் கிடந்த அவன் தாய்க்குக் கடைசி வாய்த் தண்ணீர் ஊற்றியது யார்? கேட்கிறவனுக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! அடுப்படிக்கு வந்து அவன் கெஞ்சினான்.

"கொஞ்ச நாளு பொறுத்துக்க புள்ள. அவங்க முன்னால மானம் போயிரும்."

"யாரு மானமுங்க?" என்றாள். வந்தவர்கள் பட்டினி கிடக்கக் கூடாதே என்று அவள் சமைத்தாள்.

பொங்கல் அன்று புதுச் சாமை பொங்கியதும் முதல் அகப்பையை வீட்டுக்காரிதான் எடுத்து இலையில் வைக்க வேண்டும். வேறு கை பட்டால் அந்த வீட்டில் அவள் இல்லை என்று அர்த்தம். செண்பகவல்லி முற்றத்துக்கு இறங்கி வந்து, நல்ல மனதோடுதான் கை நீட்டினாள். "வீட்டுக்காரம்மா ஊரில் இல்லையே, நானே வைக்கிறேன், அகப்பையைக் கொடும்மா." கண்ணாயி புருஷனைப் பார்த்தாள். அவன், கொடு என்று தலையசைத்தான்.

அகப்பையைக் கொடுக்காமல், சுடுபானையைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கண்ணாயி கிழக்குப் பக்கம் போனாள். கோபத்தில் கால் வைத்தாள். படி இருந்தது. மேலே போய், பானையை இறக்கி, இலை விரித்து முதல் அகப்பையை வைத்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, நாந்தான் இந்த ஊட்டுக்காரி. அங்க நிக்கறவருதான் சமையலுக்கு. பொங்கல் திங்க மேல வாங்க."

செண்பகவல்லிக்கு முகம் சுண்டிவிட்டது. "இப்படியும் ஒரு பொய்யா தம்பி?" என்று கேட்டுவிட்டு, குடும்பத்தோடு மேலே போய்க் கண்ணாயி கையால் சாப்பிட்டாள். சென்றாயனும் ஏறப் பார்த்தான். அங்கே பொய் சொன்னவன் அவன் ஒருவன்தான். அவனுக்குப் படி கிடைக்கவில்லை.

விருந்தாளிகள் ஊர் திரும்பினார்கள். மாடி போகவில்லை. கண்ணாயி பகலில் இறங்கிக் காட்டுவேலை பார்ப்பாள், பொழுது சாய்ந்தால் ஏறிவிடுவாள். சோற்றைச் சென்றாயன் பொங்கிக் கூடையில் அனுப்பினான். முதலில் குழைந்தது, பிறகு பழகிக்கொண்டான். யுத்தம் வந்தது, முடிந்தது. மிளகு வாங்க வரும் அமீர் பாஷா முற்றத்தில் நின்று, "ஊட்டுக்காரம்மா இல்லீங்களா?" என்று கேட்பார். சென்றாயன் அடுப்பை ஊதிக்கொண்டே, "மேல இருக்கறாங்க பாய்" என்பான். பாய் அண்ணாந்து பார்த்து, அவளிடம் விலை பேசுவார்.