இரண்டு கிலோ ஜிலேபி

1

இந்தக் கதை ஒரு குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்ததில் பிறந்தது. திறந்தது வேறொருவர் கை. திறக்க வைத்தது நான். 'நான்' என்று போட்டு மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் இரண்டாவது பத்திக்குள் என்னை நல்லவனாக்கிவிட்டேன். கை அப்படிப் பழகிக் கிடக்கிறது. ஆகவே இனிமேல் 'அவன்'. பெயர் அறிவுச்செல்வன். பெயரைப் பாருங்கள், அறிவாம், செல்வமாம்!

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், களமருதூர்க் குட்டையின் கரையிலே—"

[நிறுத்து. அவன் நின்ற இடத்திலிருந்து பக்கத்துக் கொல்லைக் கரும்பைத் தாண்டி ஒன்றும் தெரியாது. மேகத்தை அழைத்துவந்து எதை மூடப் பார்க்கிறாய்?]

அடுத்து:

"பெரிய மீன் காணாமல் போனதை முதலில் கண்டவர் தெய்வசிகாமணி."

[இது மர்மக் கதைக்காரர்களின் வேலை. யார் எடுத்தது, யார் எடுத்தது என்று உங்களைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகலாம். வேண்டாம். மீனைக் கொன்றது அறிவுச்செல்வன்தான். தெரிந்துகொண்டே படியுங்கள். அவன் வாயைத் திறக்கிறானா இல்லையா என்பதுதான் கதை.]

2

தெய்வசிகாமணி அவனுடைய அக்கா வீட்டுக்காரர். நெல்லும் கரும்பும் போடுகிறவர். மானியத்தில் வெட்டிய பண்ணைக்குட்டையில் பொழுதுபோக்காக மீன் விட்டார். பொழுதுபோக்கு பைத்தியமாகிவிட்டது.

ஜிலேபி மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். (தின்கிற ஜிலேபி இல்லை. குட்டையில் விட்டால் குடியேறிவிடுகிற கறுத்த மீன்.) அதற்கு ஒரு கெட்ட குணம். விரலளவு இருக்கும்போதே சினை பிடித்துக் குஞ்சு பொரித்துத் தள்ளும். ஆறு மாதத்தில் குட்டை முழுக்கக் கூட்டம். இருக்கிற தீனி ஆளுக்கொரு வாயாகப் பங்காகி, எல்லாம் உள்ளங்கை அகலத்தோடு நின்றுவிடும். ஒன்று பெரிதாக வேண்டும் என்றால் நூறு சாக வேண்டும். தெய்வசிகாமணி கோமுகி அணைப் பக்கம் போய் விரால் குஞ்சு வாங்கிவந்து விட்டார். விரால் பொடி மீன்களை விழுங்கியது. விராலுக்குத் தப்பியவற்றை வாரத்துக்கு ஒருமுறை வீச்சுவலை போட்டு எடுத்தவர் சின்னதுரை.

சின்னதுரை ஒன்பது வருடமாக அந்தக் கொல்லையில் வேலை செய்கிறவர். மீனின் வயிற்றைத் திருப்பிப் பார்த்து ஆண், பெண் சொல்வார். ஆண்தான் பருக்கும் என்று பெண்ணைப் பொறுக்கி எடுத்துவிடுவார். தகர டப்பாவைத் தட்டினால் கரைக்கு வந்து அவர் கையில் புண்ணாக்கு தின்கிற ஒரு மீன் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'பெரியவரு'.*

* 'பெரியவரு சாப்ட்டாரா?' என்றுதான் தெய்வசிகாமணியும் கேட்பார். அந்த ஊரில் பெரியவர் பட்டம் அவ்வளவு லேசில் கிடைத்துவிடாது. மீனுக்குக் கிடைத்தது.

குட்டையில் ஒரு வழக்கம். வலையில் வருகிற பொடி சின்னதுரைக்கு. "எடுத்துக்கினு போயி கொழம்பு வைய்யி, எனக்கு எதுக்கு அது" என்று தெய்வசிகாமணியே சொன்னது.

பெரியவர் இரண்டு கிலோவைத் தொடப்போகிறார் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து தூண்டில்காரர்கள் ஏழெட்டுப் பேர் வருவதாக ஏற்பாடு. அவர்கள் முன்னால் தெய்வசிகாமணி தூண்டிலில் பிடித்து, எடை போட்டு, படம் எடுத்துக்கொண்டு, திரும்பவும் தண்ணீரில் விடுவார். நான்கு வருட உழைப்பு. உழைப்பு யாருடையது என்று கேட்காதீர்கள், பிறகு வருகிறேன்.

[பிறகு வரவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சின்னதுரையுடையது.]

3

அறிவுச்செல்வன் சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்து வந்தான். மதியம் தெய்வசிகாமணி உறங்கப் போனார். சின்னதுரை வலை போட்டு முடித்து, பொடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு சாப்பிட வீட்டுக்குப் போனார். கரையில் தூண்டில் சாத்தியிருந்தது. டப்பாவும் இருந்தது.

[இங்கே அவனுக்கு ஒரு காரணம் கொடுக்கலாம் என்று பார்த்தேன். சின்ன வயதில் அப்பா மீன் பிடிக்கக் கூட்டிப்போகாத ஏக்கம், அப்படி ஏதாவது. அதெல்லாம் ஒன்றுமில்லை. அல்பத்தனம். படம் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள்.]

டப்பாவைத் தட்டினான். பெரியவர் வந்தார். கையில் தின்று பழகிய மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்கு என்ன திறமை வேண்டும்? இழுத்துப் புல்லில் போட்டான். கைப்பேசியை வரப்பில் சாய்த்து வைத்தான். முதல் படத்தில் கண் மூடியிருந்தான். இரண்டாவதில் வெயில் முகத்தில். மூன்றாவதில் மீன் நழுவியது, மார்போடு அணைத்துக்கொண்டான். பதினொரு படம். தண்ணீரில் விட்டபோது மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

எடுத்துக் கரும்புக்குள் வீசினான். நாய்கள் பார்த்துக்கொண்டன.

4

நாலு மணிக்குத் தெய்வசிகாமணி டப்பாவைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். கரையில் புல் நசுங்கிக் கிடந்தது. செதில் கிடந்தது.

"மாப்ள, நீ இங்கதான இருந்த? யாராச்சும் வந்தானுங்களா?"

"நான் தூங்கிட்டேன் மாமா."

அதோடு விட்டிருக்கலாம்.

"சின்னதுரை ஒரு பையோட போனாப்ல. அதத்தான் பாத்தேன்."

அது பொய் இல்லை. அசிங்கமே அதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு உண்மை மாதிரி கைகொடுப்பது ஒன்றுமில்லை.

சின்னதுரை வீட்டுக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவனும் போனான். தெய்வசிகாமணி அந்தத் தெருவில் யார் வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தவர் இல்லை. சின்னதுரை சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"இன்னாங்கய்யா, ஆளனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"வூட்ல இன்னா கொழம்பு?"

"நீங்க குடுத்த பொடிதாங்க."

தெய்வசிகாமணி அதற்கு மேல் கேட்கவில்லை. குனிந்து உள்ளே போனார். அடுப்படியில் சின்னதுரையின் மனைவி குஞ்சம்மாள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அடுப்பின் மேல் சட்டி. தெய்வசிகாமணி மூடியை எடுத்தார். அறிவுச்செல்வன் வாசலில் நின்று பார்த்தான்.

விரல் நீள மீன்கள். தலையோடு, வாலோடு.

குஞ்சம்மாள் கத்தவில்லை. கரண்டியை எடுத்து அடிவரை விட்டுக் கிண்டினார்.

"நல்லா பாருங்க. அடியில கெடக்கும். தோ, இன்னொரு தபா கிண்டிக் காட்றேன்."

"குஞ்சம்மா, சும்மா இரு" என்றார் சின்னதுரை.

"நான் சும்மாத்தான் இருக்கேன். ஒம்போது வருசமா இந்த வூட்ல ஒரு வாய் தண்ணி வாங்குனதில்ல இவுரு. இன்னிக்கிதான் எங்க சட்டியத் தொட்டிருக்காரு."

தெய்வசிகாமணியின் முகம் கறுத்துப்போனது. தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தால் சிலருக்குக் குரல் தாழும். அவருக்கு ஏறியது.

"அப்டின்னா வித்திருப்ப! நாளைலேந்து குட்டைப் பக்கம் காலெடுத்து வைக்காத."

மூடியை மூடாமலேயே வெளியே வந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் வாசலில் வாயில் கொழுக்கட்டையோடு நின்றுகொண்டிருந்தது.

5

மாற்று முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

(அ) "மாமா, நான்தான்!" என்று அவன் கத்துகிறான். தெய்வசிகாமணி அறைகிறார். குஞ்சம்மாள் அழுகிறார். எல்லோரும் அழுகிறோம்.

[நன்றாக வந்தது. இரவு முழுக்க நிம்மதியாகத் தூங்கினேன். அதனாலேயே கிழித்தேன்.]

(ஆ) தெய்வசிகாமணி கரும்புக்குள் மீன் முள்ளைக் கண்டு, தானே திரும்பி வந்து, அதே சட்டியிலிருந்து ஒரு வாய் சாப்பி—

[அவரை எதற்கு நல்லவராக்குகிறாய்? உன் வேலையை அவர் செய்யட்டும் என்றா?]

(இ) சின்னதுரை கோபப்படுகிறார்.

[இதைத்தான் ரொம்ப ஆசையோடு எழுதினேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். அவர் திட்டவில்லை. என்ன செய்தார் என்று சொல்கிறேன்.]

6

சண்டை போட்டுவிட்டுப் போகிறவர்களையும் தெருமுனைவரை வந்து வழியனுப்புகிற பழக்கம் சின்னதுரைக்கு. தெய்வசிகாமணி முன்னால் போய் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன். (அவன் என்று எழுத வேண்டும். வரவில்லை. விடுங்கள்.)

என் முழங்கைக்குப் பின்னால், சட்டையில் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு செதிலை நகத்தால் நெம்பி எடுத்தார். கட்டைவிரல் நகத்தளவு இருந்தது. அந்தக் குட்டையில் அவ்வளவு பெரிய செதில் ஒரே ஒரு மீனுக்குத்தான். கீழே போட்டுக் காலால் மண்ணைத் தள்ளினார்.

"மாமா பாத்துடப் போறாரு."

நான் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

"நீங்கன்னு தெரிஞ்சா அக்காவத்தான் போட்டுப் பேசுவாரு. அவுங்க பாவம். நான்னா ஒரு வாரம் திட்டிட்டு மறந்துடுவாரு, போங்க."

போனேன். அவர் சொன்னபடி போனேன்!

தெய்வசிகாமணி மறக்கவில்லை. எட்டு மாதம் ஆகிறது. சின்னதுரை இப்போது கிடைத்த கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். ஊரில் அவர் பெயருக்கு முன்னால் 'மீன்' சேர்ந்துவிட்டது என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன். குட்டையில் பொடி பெருகிவிட்டதாம், ஒன்றும் வளரவில்லையாம்.

7

இதழில் வந்ததும் ஒரு பிரதியைத் தெய்வசிகாமணிக்கு அனுப்புவதாக முடித்திருந்தேன். அடித்துவிட்டேன். இதை எழுதியதே இன்னொரு முறை படம் எடுத்துக்கொண்டதுதானோ என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. வாயால் சொல்ல வேண்டியதை வாயால்தான் சொல்ல வேண்டும். முதலில் சின்னதுரையிடம்.

அதில் ஒரு சிக்கல். அவருக்கு ஐம்பத்தாறு வயது. எனக்கு முப்பத்தெட்டு. கதை நெடுக 'அவர்', 'வந்தார்' என்று எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். அது தாளில் மட்டும். நேரில் ஒன்பது வருடமாக "சின்னதுரை, அந்தச் சொம்ப எடு", "சின்னதுரை, வண்டியத் தொடை". யாரும் என்னைத் திருத்தியதில்லை, நானும் திருந்தியதில்லை. 'சின்னதுரை' என்று அதட்டுகிற வாயால் மன்னிப்புக் கேட்க முடியாது. 'அண்ணே' என்றால், இத்தனை வருடம் இல்லாத முறையைக் காரியத்துக்காகக் கொண்டாடுகிறான் என்று அவருக்கு விளங்கிவிடும். அவருக்கு எல்லாம் விளங்கும். நான் எப்படிக் கூப்பிடுவது?

இந்த வரியை எழுதிக்கொண்டே கைப்பேசியில் அவர் எண்ணை அழுத்திவிட்டேன். அழுத்தாவிட்டால் எட்டு மாதம் ஒன்பதாகும். மணி போகிறது. எடுத்துவிட்டார். பின்னால் பேருந்துச் சத்தம்.

"சொல்லுங்க தம்பி, நல்லா இருக்கீங்களா?"

முதல் சொல் என்னவென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள். அவர் காத்திருக்கிறார்.