குறுக்கே திருப்பிய துண்டுகள்

அறுபதாம் ஆண்டுப் புயல் ரோஸ் பெல் ஊர்ப் பக்கத்துக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு, ஊருக்கெல்லாம் கூரைப் பிடி வேண்டியிருந்தது. கூரையை உத்திரத்தோடு இறுக்கிப் பிடிக்கிற, மடித்த இரும்புத் துண்டுதான் அது. தகட்டுக்கோ ஏகத் தட்டுப்பாடு. பட்டறை முதலாளி டானியேல் ஒரு போட்டி வைத்தார். அவரிடம் வெட்டு வேலை பார்த்த நாகலிங்கமும் க்ளெமானும் ஆளுக்கொரு தகடு வெட்ட வேண்டும். எவனுடைய கழிவு குறைவோ அவனுக்கு வேலை, மற்றவன் வீட்டுக்குப் போகலாம்.

க்ளெமான் வழக்கம்போல எல்லாத் துண்டையும் ஒரே திசையில் அடுக்கி வெட்டினான். ஓரத்தில் பட்டை பட்டையாக மிச்சம் விழுந்தது. நாகலிங்கம் பெரிய துண்டுகளை முதலில் போட்டு, இடுக்கிலெல்லாம் சின்னவற்றைக் குறுக்கே திருப்பிச் செருகினான். கழிவு ஒரு கைப்பிடி. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. க்ளெமான் அன்றே வீட்டுக்குப் போனான்.

மரத்துக்கு இழை இருப்பதுபோல, ஆலையில் உருட்டின தகட்டுக்கும் ஒரு வாக்கு உண்டு. அதற்குக் குறுக்கே மடித்தால் தாங்கும். வாக்கோடு மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். திருப்பி வெட்டின துண்டுக்கோ மடிப்பு வாக்கோடுதான் விழும். போர்ட் லூயிஸில் கப்பல் வேலை பார்த்த நாகலிங்கத்துக்கு இது நன்றாகத் தெரியும். பழகின வழியில் கண்ணை மூடிக்கொண்டு போகிற க்ளெமானுக்குத் தெரியாது. தெரிந்தவன் வாயைத் திறந்தானா? மூச்சு விடவில்லை, பாவி!

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கோவிலில் பாடப் போனால் பாட்டு பாதியில் நின்றுபோனது. எல்லாம் பிழைப்புக்குத்தானே என்று மனசைத் தேற்றிப் பார்த்தான். அது கேட்டால்தானே!

ஒரு நாள் காலை க்ளெமானே பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"என் வீட்டுக்கும் கூரை போடறேன், நாகா. உன் கையாலயே நல்ல பிடியா பொறுக்கிக் குடு. என் பொஞ்சாதி இவெட்டுக்குக் காத்துன்னாலே நடுக்கம்."

நாகலிங்கத்தின் கை பிடிகள் கிடந்த கூடைக்குள் போனது. திருப்பாத துண்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி நினைத்ததும் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. குறுக்கே திருப்பி வெட்டிய ஒன்றை எடுத்து, குறட்டால் இப்படியும் அப்படியும் வளைத்தான். பட்டென்று ஒடிந்தது.

"திருப்பி வெட்டினா இப்படித்தான் ஒடியும். எனக்கு அன்னைக்கே தெரியும், க்ளெமான். தெரிஞ்சேதான் வெட்டினேன்."

க்ளெமான் ஒடிந்த துண்டுகளை வாங்கி மடிப்பைத் தடவிப் பார்த்தான். அடி விழட்டும் என்று நாகலிங்கம் குறட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றான்.

"இதெல்லாம் வெளிய போயிருக்கா?"

"நேத்து லாரி நிறைய ஃப்ளாக் ஊருக்குப் போச்சு."

"ஐயோ! இதை நம்பியில்ல அங்க ஜனங்க படுப்பாங்க! இன்னும் என்ன நின்னுக்கிட்டிருக்க? வா, முதலாளி வீட்டுல சொல்லிட்டு லாரியைத் தேடிப் போவோம்."

க்ளெமான் தன் சைக்கிளைத் திருப்பிப் பின்சீட்டைத் தட்டினான். தன் கையை விட்டுப் போன வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாகலிங்கம் ஏறி உட்கார்ந்தான். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.