தங்கபுஷ்பம் வேண்டிக்கொண்ட நோய்

லேப் வஜீஹா மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை. காலையில் தங்கபுஷ்பத்திடம் எடுத்த ரத்தம் உறைந்ததும் வெதுவெதுப்பில் வைத்து, கம்பிவலையில் தேய்த்து, சுழலவிட்டு, கண்ணாடியில் தடவிச் சாயம் ஏற்றியிருந்தாள். இனித் தேடுவதுதான் வேலை. அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் எல்லோரும் நோய் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க, தங்கபுஷ்பம் ஒருத்திதான் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஆனியில் இரண்டாவது கருவும் கலைந்தபோது செய்த ரத்தப் பரிசோதனை, அவளுக்கு மேகநோய், ஆண் பெண் உறவில் தொற்றும் சீக்கு, என்று சொல்லிவிட்டது. புருஷன் நல்லசிவத்தின் ரத்தமோ சுத்தம். அவன் ஏசவில்லை, அடிக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு, ரங்கநாதன் தெருவில் தான் வேலைபார்க்கும் ஜவுளிக்கடையின் மாடிக்குப் போய்விட்டான். ஏசியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பாள். மாம்பலத்து ஒற்றை அறையில் யாரிடம் சொல்வது? அவளுடைய வீங்கிய விரல்களையும் கன்னத்துச் சிவப்பையும் பார்த்த புது டாக்டரம்மாதான், உடம்பு தன்னையே பகையாக நினைத்துத் தாக்கும் நோய் ஒன்று உண்டு, அது இருந்தால் அந்தப் பழைய பரிசோதனை பொய் சொல்லும் என்றார்.

"கெடச்சிச்சும்மா, வந்து பாரு" என்றாள் வஜீஹா. அவள் குரல் இறங்கியிருந்தது.

ஊதா நிறத்தில் ஒரு செல், டாக்டரம்மா சொன்ன நோயின் அடையாளம். பெரிய உருண்டை ஒன்றை விழுங்கிவிட்டுத் தன் உட்கருவை ஓரத்தில் ஒதுக்கியிருந்தது. தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாமா சிரிக்கிற? கூட யாரும் வர்லியா?"

"போயித்தான் சொல்லணும்க்கா."

கடையில் நல்லசிவம் ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருந்தான். அவள் மெதுவாகச் சொன்னாள். "அந்த டெஸ்ட் பொய்யாம். எனக்கு இருக்கது வேற சீக்காம். டாக்டரம்மா ஒங்ககிட்டயும் சொல்லுதேன்னாவ."

அளந்த கை நிற்கவில்லை. "தீருமா?"

"தீராதாம். மாத்திரை தின்னுக்கிட்டே இருக்கணுமாம்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. இத்தனை நாள் நல்ல பெயர் திரும்பக் கிடைக்கவேண்டும் என்று மட்டுமே வேண்டியவள், அதோடு கூட வரப்போகும் நோயை நினைத்துப் பார்த்ததில்லை. அளவுகோல் துணியின் நடுவில் நின்றிருந்தது.

"இரு, வாரேன்" என்று திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பையனுக்கு அவள் யாரென்று தெரியாது. நைலக்ஸ் சேலை ஒன்றை உதறி அவள் முன்னால் விரித்தான்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

அவன் இன்னொன்றை விரித்தான். அதன் மேல் இன்னொன்று. வலிக்கிற விரலை அவள் சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டு, இன்னும் அசையாத திரைச்சீலையைப் பார்த்தபடி இருந்தாள்.