பத்தொன்பது சிவப்பு விளக்குகள்

நேற்று மாதிரி வானிலை அறிக்கை ஒன்றைக் கொடுத்தபோது, என் நிரல் எச்சரிக்கை அனுப்பவேண்டிய பத்தொன்பது படகுகளின் பட்டியலைத் தந்தது. இன்று அதே அறிக்கைக்கு வெற்றுப் பட்டியல் தருகிறது. இடையில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

"ஸம்ஸியா, ஒரு படகிலயும் லைட் எரியல்ல." போனில் நிதர்சன் அண்ணன். காரைதீவு மீனவர் சங்கத்தின் கணினி அவர் பொறுப்பு. அவருடைய தம்பி குணம் கடலில் நிற்கிறான். மணி ஒன்றேகால். நான்கு மணிக்குப் பெருங்காற்று என்கிறது இன்றைய அறிக்கை. கரை சேர இரண்டு மணித்தியாலம் வேண்டும்.

"போன் எடுத்துப் பாத்தீங்களா?"

"ஒருத்தனும் எடுக்கிறானில்ல. பொலித்தீனுக்க சுத்தி வச்சிருப்பானுகள். எஞ்சின் சத்தத்தில என்னத்தக் கேக்கிற?"

படகிலுள்ள எச்சரிக்கைப் பெட்டி அலறிச் சிவப்பு விளக்கு மின்னினால்தான் பார்ப்பார்கள். அதை மின்னவைப்பது என் நிரல். எங்கள் ஊரான மருதமுனையின் படகுகளுக்காக எழுதியதை, யாரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும் தொகுப்பாகப் பிரித்துப் போன வாரம்தான் வெளியிட்டேன்; காரைதீவுச் சங்கம் அதைத்தான் நிறுவியிருக்கிறது.

நிரலை எழுதிய மொழியான டைப்ஸ்கிரிப்ட் ஒரு குறையும் காட்டவில்லை. பட்டியல் வரவேண்டிய இடத்தில் பட்டியல் வருகிறதா என்று மட்டுமே அது பார்க்கும். வெற்றுப் பட்டியலும் பட்டியல்தான்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த பக்கத்து வீட்டு அண்ணன் முஃபீத் காக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கும் சொந்தப் படகு உண்டு.

"என்ன புள்ள, மூஞ்சி செத்துக் கிடக்கு?"

"காத்து வருது காக்கா. கடலுக்க நிக்கிறவங்களுக்கு மெசேஜ் போகுதில்ல."

"வெள்ளிக்கிழமை ஆரு கடலுக்குப் போற? பேய்க்கதை கதைக்காத."

"காரைதீவு ஆக்கள் போயிருக்காங்க…"

சொல்லும்போதே நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன், பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் நடக்கும் நேரம் கரையில் கிடந்த படகுகளில் பெட்டிகள் அலறுகின்றன என்று ஏசியவர் இவர்தான். வெள்ளிக்கிழமை என்றால் யாருக்கும் அனுப்பாதே என்று அன்றைக்கு ஒரு வரி சேர்த்தேன். எங்கள் ஊரில் அது சரி, ஜும்ஆவுக்காக யாரும் கடலுக்குப் போவதில்லை; காரைதீவுக்கு வெள்ளியும் வேலை நாள்தான். அந்த வரியோடுதான் தொகுப்பை வெளியிட்டிருக்கிறேன்.

"யா அல்லாஹ்!"

வரியை மாற்றி, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் சோதனையை ஓட்டி, மறுபடி வெளியிட்டேன். நிதர்சன் அண்ணன் நிறுவும்போது மணி ஒன்று நாற்பது.

"எரியுது! பதினெட்டுப் பேர் பாத்துட்டம் எண்டு பட்டன் அமத்திட்டாங்க."

"குணம்?"

அவனுடையது மட்டும் வரவில்லை. அவன் பெட்டிக்கு மறுபடி மறுபடி அனுப்பச் சொன்னேன். ஆறு நிமிடம்.

"அமத்திட்டான். திரும்புறானாம், நாய்ப்பயல்." அவர் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "என்ன புள்ள செஞ்ச?"

"வெள்ளிக்கிழமைய உள்ளுக்க இருந்து எடுத்திட்டன் அண்ணன். லீவு நாள் வேணுமெண்டா, இன்ஸ்டோல் பண்றவங்க அவங்கட செட்டிங்ஸில எழுதணும். எழுதாட்டி ஏழு நாளும் போகும். முந்தியே இன்ஸ்டோல் பண்ணினவங்களுக்கும் இது மாறுறதால, இது ரெண்டாம் பதிப்பு."