காற்றெடுத்த இறைச்சி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், அவை இரண்டுக்கும் அடுத்தபடியாக மானுடம் எடுத்துவைக்கும் மாபெரும் அடி இன்றைக்குக் கிண்ணியாத் துறையடியில் பதியப்போகிறது என்று ஸஹாப்தீன் மனேஜர் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். அந்த அடி அப்போது நடுக்கடலில் நின்றுபோயிருந்தது. பாதை என்று ஊரார் சொல்லும் இரும்பு மிதவையின் எஞ்சின் இருமி இருமி ஓய்ந்துவிட்டது. மிதவையின் மேல் ஒரு லொறி, மீன் கூடைகள், வெற்றிலைக் கட்டுகள், இவற்றுக்கு நடுவே சாக்குப் போர்த்திய மெஷின். லொறி நிழலில் நின்ற ஓர் ஆடு அந்தச் சாக்கின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

கரையில் சங்கத்துப் பெண்கள் வெயிலில் காத்து நின்றார்கள். மெஷினுக்குப் போடவேண்டிய மாலை உம்மு குல்சுமின் கையில் இருந்தது. பூக்கள் ஓரம் கறுத்து வாடத் தொடங்கியிருந்தன.

"என்ன புள்ள, மாப்பிள்ள வாற மாதிரி மாலையோட நிக்கிறா?" என்றாள் பக்கத்து வளவு றுக்கியா.

"மாப்பிள்ள வந்தா நாமதான் சோறு போடணும் லாத்தா. இது நமக்குச் சோறு போடுமாம்."

"ஆரு சொன்ன?"

"மனேஜர்தான்."

"அப்ப சோத்துக்கு உலைய வெச்சிராத" என்று சொல்லிவிட்டு றுக்கியா முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டாள்.

கொழும்புக் கடைகளில் ஜப்பான் ரேடியோவும் வெளிநாட்டுச் சோப்பும் வந்து குவியத் தொடங்கிய காலம் அது. நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வெயில் காய வந்தார்கள். ஊர்ப் பெண்கள் அடுப்புப் புகையில் வாட்டும் இறைச்சியை அவர்கள் விரும்பித் தின்பார்கள் என்று ஒருவர் அரசாங்கத் திணைக்களத்தில் சொல்ல, பையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து வாயை ஒட்டிவிடும் மெஷின் ஒன்றை ஒரு தூர தேசம் இனாமாகக் கொடுக்க, அதை வைப்பதற்காகக் கிண்ணியா மாதர் புகையிறைச்சிக் கைத்தொழில் முன்னேற்றச் சங்கம் பிறந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால், 'சங்கம்' என்ற சொல் மட்டும் மூலை திரும்பிப் பக்கச் சுவரில் இருந்தது.

குல்சும் சங்கத்தில் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு மாடு. அவள் புருஷன் முத்தலிப் ஒற்றை மாட்டுக் கரத்தையில் பேக்கரிகளுக்கு விறகு ஏற்றிப் பிழைத்தவன். மதகடியில் கரத்தை சரிந்தபோது மாட்டின் முன்னங்கால் முறிந்தது. முத்தலிபின் இடுப்பின் மேல் பாலை மரக் குற்றி உருண்டது. மாட்டுக்காவது பள்ளி மோதினார் ஓடிவந்து பிஸ்மில்லாச் சொல்லி அறுத்து ஒரு முடிவு கொடுத்தார். முத்தலிபைப் பாயில் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு அவன் பாயைவிட்டு எழும்பவில்லை.

இறைச்சியில் பாதி நாட்டு வைத்தியம் பார்த்த பரிகாரிக்கும் அவர் எண்ணெய்க்கும் போயிற்று. மிச்சத்தைக் குல்சும் வார் வாராகக் கீறி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, அடுப்புக்கு மேலே கம்பு கட்டித் தொங்கவிட்டாள். பாலை விறகு கீழே கனன்றது. தேங்காய்ப் பொச்சுமட்டையைப் போட்டுப் போட்டுப் புகையை எழுப்பினாள். கண் சிவந்து, தலைமயிரெல்லாம் புகை நாறியது. இறைச்சி சுருங்கிக் கறுத்துக் கட்டையானது. அந்த நிலையில் அதை உறியில் போட்டு அடுப்புக்கு மேலேயே விட்டுவிட்டால் மாரி முடியும் மட்டும் ஒரு பூச்சி அண்டாது. மாரியில் கடலும் இல்லை, காடும் இல்லை. இதுதான் சாப்பாடு.

ஆனால் முத்தலிப் அதைத் தொடவில்லை.

"இஞ்ச, ஒரு துண்டாவது தின்னுங்களன். உடம்பில பெலன் பிடிக்க வேணாமா?"

"ஏலாது குல்சும்."

"ஏன் ஏலாது? ஹலால்தானே?"

"ஹலால்தான். வாயில வெச்சா அதுட முகம் வருது." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான், "மதகடியில என்னத்தான் பாத்துக்கிட்டுக் கிடந்த."

தின்னாத இறைச்சியை விற்கலாம் என்று அவள் நினைத்தது அன்றைக்குத்தான். ஸஹாப்தீன் மனேஜர் அதைவிடப் பெரிதாக நினைத்திருந்தார். திறப்பு விழாவுக்கு இறைச்சி கொடுக்கிறவளுக்கே மெஷினை ஓட்டும் உத்தியோகம், மாதச் சம்பளத்தோடு, என்றார். ஒப்பரேட்டர் என்ற சொல்லை அவர் வாயால் கேட்டபோது குல்சுமுக்குத் தன் தலைமயிரின் புகைநாற்றமே குறைந்தது போலிருந்தது. முத்தலிபைக் கட்டிலில் கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். பரிகாரியின் எண்ணெயை நிறுத்தலாம்.

மெஷின் கரையேறிச் சங்கக் கட்டடத்துக்கு வந்த பிறகு, விழாவுக்கு இரண்டு நாள் முந்தி றுக்கியா வந்து உறியை எட்டிப் பார்த்தாள்.

"இதையா புள்ள பெரிய ஆக்களுக்குக் காட்டப்போறா? லொறி டயரக் கிழிச்சித் தொங்கவிட்ட மாதிரி இரிக்கி."

"புகையில போட்டா கறுக்காம?"

"கறுக்கும். நமக்கு அது எறச்சி. அவங்களுக்குக் கரி."

றுக்கியா அதைப் பகிடியாகத்தான் சொன்னாள். குல்சுமுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. மறுநாள் காலை இறைச்சியையெல்லாம் இறக்கி, அரிசி கழுவின தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்த தேசிக்காய்த் தோலால் ஒவ்வொரு வாராகத் தேய்த்தாள். பெருநாளுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல நுனி மூலையெல்லாம் தேய்த்தாள். கறுப்புக் கரைந்து ஓடியது. உள்ளேயிருந்து செம்மண் நிறத்தில் ஒரு பளபளப்பு வந்தது. வானம் மூட்டமாக இருந்ததால் பாயில் பரப்பி, கையால் விசிறி, காய்ந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டி எடுத்துப்போனாள்.

மனேஜர் ஒரு வாரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்பத்தான் மனிசர் தின்னக்கூடிய சாமான் மாதிரி இரிக்கி" என்றார். குல்சும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அன்று பின்னேரம் மெஷினை ஓட்டிப் பார்க்க லிங்கநகரிலிருந்து யோகலிங்கம் வந்தான். ரேடியோவிலிருந்து கோயில் ஒலிபெருக்கி வரை கரண்டில் ஓடும் எதையும் திருத்துகிறவன் என்று பெயர். பிளக்கைச் செருகி ஆளியைப் போட்டான். மெஷின் ஒரு தரம் உறுமியது. பிறகு பின்பக்கத்தால் நீலமாய்ப் புகை வந்தது. புகைக்குப் பழகிய குல்சுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மெஷினைச் செய்த நாட்டில் கரண்டின் வேகம் எங்கள் கரண்டில் பாதிதான் என்று மெஷினின் அடியில் ஒரு தகட்டில் எழுதியிருந்தது. தகட்டைப் படிப்பது மெக்கானிக்கின் வேலை என்று மனேஜர் நினைத்திருந்தார். மனேஜர் படித்திருப்பார் என்று யோகலிங்கம் நினைத்திருந்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இப்போது இருவரும் சேர்ந்து குனிந்து படித்தார்கள்.

"நாளைக்குப் பிரதம அதிதி கொழும்பில இருந்து வாறார்" என்றார் மனேஜர். அவர் குரல் தகட்டைப் போலத் தட்டையாகிவிட்டது.

"மெஷின் இனி ஓடாது. ஆனா பைக்குள்ள இருக்கிற காத்தை எடுக்கலாம்" என்றான் யோகலிங்கம்.

"எதால?"

யோகலிங்கம் தன் வாயைக் காட்டினான்.

மற்றப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கட்டடத்துக்குப் பின்னால் நின்ற பப்பாசி மரத்தில் இலைக் காம்புகளை ஒடித்து வந்தான் யோகலிங்கம். ஒவ்வொரு பைக்குள்ளும் காம்புக் குழலின் ஒரு முனையை விட்டு, வாயை இறுக்கிப் பிடித்து, மறுமுனையில் உறிஞ்சினான். பொலித்தீன் சுருங்கி இறைச்சியோடு ஒட்டியது. சுருங்கிய கணமே குழலை உருவி, பையின் வாயை மெழுகுதிரிச் சுடரில் இழுத்தான். மெழுகுதிரியைக் குல்சும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ."

"உனக்குத் தல சுத்தல்லியா தம்பி?"

"சுத்துது. இப்ப நான் உங்கட மாட்டின்ர மூச்சையெல்லாம் குடிச்சிட்டன்" என்று சிரித்தான். பிறகு சுவரில் சாய்ந்து கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டான்.

மனேஜர் வாசலில் காவல் நின்றார். திரும்பாமலே சொன்னார்: "குல்சும், இது வெளிய போனா ஒப்பரேட்டர் உத்தியோகமும் வெளிய போகும். விளங்கிச்சா?"

"ஓம், மனேஜர்."

மறுநாள் பிரதம அதிதி காற்றைப் பற்றிப் பேசினார். காற்று எங்கே இல்லையோ அங்கே அழுகல் இல்லை, இந்த நாட்டின் எதிர்காலமும் அப்படியே என்றார். அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பின்பு மெஷினின் பொத்தானை ஆள்காட்டி விரலால் அமுக்கினார். உடனே அறை முழுக்கக் கடகடவென்று ஓசை எழுந்தது. மெஷினுக்குப் பின்னால் தொங்கிய சீலைக்கு அப்பால் குல்சும் சங்கத்துத் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சீலையின் அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. படம் பிடிக்கிறவனின் வெளிச்சம் ஒருதரம் சீலையை வெளுக்கவைத்தது. அவள் மிதித்துக்கொண்டேயிருந்தாள், மனேஜர் வந்து போதும் என்று சொல்லும் வரை.

மூடியைத் திறந்து, முதல் நாளே ஒட்டிவைத்த பையை அதிதி வெளியே எடுத்தார். கொழும்பு ஹோட்டலுக்கு ஏற்றிப்போக வாகனம் அனுப்புவதாகவும், அதுவரை பைகளைக் காட்சிக்கு வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். மனேஜர் அவற்றைக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வாகனம் வரவில்லை. மாரி வந்தது. மிதவைப் பாதை ஓடாத நாட்களில் துறையடியில் நாய் மட்டும் படுத்திருந்தது. குல்சும் மழையில் நனைந்தபடி வந்து அலுமாரியைப் பார்ப்பாள். இறைச்சியோடு ஒட்டிக்கிடந்த பைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. பிறகு உப்பின. உள்ளே யாரோ இருந்து ஊதுவது போல வயிறு வைத்தன.

"மனேஜர், பை ஊதுது. துறந்து தாங்க, கொண்டுபோய்த் திரும்பப் புகையில போடுறன். இன்னும் காப்பாத்தலாம்."

"பைத்தியமா உனக்கு? அதிதி கை வெச்ச சாமான். அது இப்ப உன்ர இல்ல, சங்கத்துர. பை தடிச்சா நல்லதுதான். எடை கூடியிரிக்கி."

"வீட்டில மனிசன் கஞ்சியோட கிடக்கிறாரு."

"வாகனம் வரட்டும்."

வாகனத்துக்குப் பதிலாக மணம் வந்தது. முதலில் அலுமாரிக்குப் பக்கத்தில், பிறகு கட்டடத்தில், பிறகு மூலை திரும்பிச் 'சங்கம்' வரைக்கும். பள்ளிக்குப் போகிறவர்கள் மறுபக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் போனார்கள். ஒரு பை வெடித்தபோது யாரோ மேலே எழுதிப்போட, திணைக்களத்திலிருந்து ஒரு துரை மூக்கில் லேஞ்சித் துணியைப் பொத்தியபடி விசாரணைக்கு வந்தார்.

"மெஷின் சரியாக வேலை செய்ததா?" என்றார்.

"படமே இரிக்கி, சேர்" என்று மனேஜர் சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட பெரிய படம். அதிதியின் விரல் பொத்தானில் இருந்தது. துரை தூர நின்றே பார்த்துத் தலையாட்டினார்.

"அப்படியென்றால் பழுது இறைச்சியில்தான். இதைத் தந்தது யார்?"

எல்லோரும் குல்சுமைப் பார்த்தார்கள். சாட்சிக்கு அழைக்கப்பட்டிருந்த யோகலிங்கம் மட்டும் கூரையைப் பார்த்தான்.

"புகை போட்ட பிறகு அதில் தண்ணீர் பட்டதா?"

குல்சும் யோகலிங்கத்தைப் பார்த்தாள். மனேஜரைப் பார்த்தாள். மனேஜர் உதட்டை அசைக்காமல், "ஒப்பரேட்டர்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"ஓம்" என்றாள் குல்சும். "நான்தான் கழுவினனான்."

துரை லேஞ்சிக்குள்ளால் பெருமூச்சு விட்டார். சுத்தம் பற்றிய அறிவில்லாதவர்களிடம் நவீன மெஷினை ஒப்படைக்க ஏலாது என்று முடிவு செய்தார். ஒப்பரேட்டர் உத்தியோகம் மனேஜரின் மைத்துனி நபீஸாவுக்குப் போனது. அவள் மாதாமாதம் வந்து கையெழுத்துப் போட்டு, மெஷினுக்கு ஒரு பூப்போட்ட மேசைவிரிப்பைப் போர்த்திவிட்டுப் போவாள். தூசி படாமல் அதை அவள் நன்றாகவே பார்த்துக்கொண்டாள்.

இறைச்சியைக் குல்சுமே தூக்கிப்போய்க் கண்டல் பற்றைக்கு அப்பால் புதைத்தாள். கையை எத்தனை தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் மணம் போகவில்லை. வீட்டில் முத்தலிபின் பாய்க்கு மேலே கூரை ஒழுகியது. அவள் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

"எல்லாத்தையும் தாட்டாச்சா?" என்றான் அவன்.

"ஓம்."

"கடைசில அது ஆருட வயித்துக்கும் போகல்ல" என்றான். பிறகு, "கஞ்சி இரிக்கா?" என்று கேட்டான். இருக்கவில்லை.

மறுநாள் மனேஜர் ஆளனுப்பினார். அலுமாரியின் மணம் போகக் கழுவித் தரவேண்டும், பழுது அவளுடையது என்றபடியால் கூலி கிடையாது, ஆனால் போகும்போது தேநீர் உண்டு. குல்சும் போனாள். தட்டுத் தட்டாகச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கண்ணாடிக் கதவைத் துடைத்தாள்.

"அந்தப் படத்தையும் ஒருக்காத் துடைச்சி விடு. புகை பிடிச்ச மாதிரி இரிக்கி" என்று மனேஜர் கதிரையிலிருந்தபடி சொன்னார்.

ஒரு வாங்கை இழுத்துப் போட்டு ஏறி, ஈரத் துணியால் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடைத்தாள். அதிதியின் நெற்றி தெளிந்தது. மாலை தெளிந்தது. பொத்தானில் வைத்த விரல் தெளிந்தது. தையல் மெஷினை மிதித்த அவளை மறைத்திருந்த சீலை, சின்ன மடிப்புகளோடு பின்னால் தொங்கியது. பிறகு படத்தின் கீழ் மூலை.

மெஷினின் வயர் தரையில் சுருண்டு கிடந்தது. பிளக், அதிதியின் சப்பாத்துக்குப் பக்கத்தில், எதிலும் செருகப்படாமல் இருந்தது.