வேல் வைத்த சுருள் படிக்கட்டு

என் நைனா சிவப்பிரகாசம் பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓட்டிச் சம்பாதித்து, திருத்தணியில் ஏரிக்கரையோரம் வீடு கட்டியவர். ஏரிக்குத் தண்ணீர் கார்த்திகையில் வரும், மாசியில் போய்விடும். மீதி மாதங்களில் எருமை மேயும். வீட்டு வாசலில் மட்டும் வருடம் முழுக்க ‘லேக் வியூ’ என்று பலகை தொங்கும்.

அந்த வியூவைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஸ்டீலில் சுருள் படிக்கட்டு வேண்டும் என்றார். காரணம் ஏரி அல்ல. அக்கா ஹேமாவதியைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறார்கள், பெரிய இடம். அவர்களை அசத்தி முடித்துவிட வேண்டும். போட்டோவிலேயே பையனை அக்காவுக்குப் பிடித்திருந்தது. அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அரக்கோணம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எலியாஸ், ஈ.சி.ஆர். பங்களா ஒன்றின் படத்தைப் போனில் காட்டினார்.

“இதே மாதிரி பண்ணிடலாம் மொதலாளி. கடலே வந்து எட்டிப் பாக்கும்.”

“கைப்பிடியில கம்பிக்குக் கம்பி வேல் வைய்யா. முருகன் ஊரு.”

“முனை எப்டி? மொழுக்குனா, கூராவா?”

“மொண்ண வேல எவன் கும்புடுவான்?”

“ஆங், அதுவும் சரிதான். எலுமிச்சம்பழம் சொருவுற மாதிரி வெச்சிடறேன்.”

சொன்னபடியே வைத்தார். ஏறுகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று வேல்களைப் படிப்பக்கமாகச் சாய்த்தும் வைத்தார். பிறந்ததிலிருந்து துணிக்கு நடுவிலேயே வாழும் நைனா, ‘பிரமாதம்’ என்றார்.

அவர்கள் வந்தார்கள். பையனின் அம்மா புஷ்பலதா, தான் உடுத்தியிருப்பது காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்த பட்டு என்பதைக் காபிக்கு முன்பும் பின்பும் தெரிவித்தார். நைனா எல்லோரையும் மாடிக்குக் கிளப்பினார். பாதிப் படியில் புஷ்பலதாவின் முந்தானை வேலில் மாட்டிக்கொண்டது. பின்னால் கணவர், அவருக்குப் பின்னால் பையன். அந்த அம்மாவால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

“இழுக்காதீங்கம்மா!” என்று நைனா மேலிருந்து ஓடிவருவதற்குள் அந்த அம்மா இழுத்துவிட்டார். முந்தானை கிழிந்து, ஒரு நீள இழை வேலிலேயே தொங்கியது.

இத்தோடு நிறுத்தி மன்னிப்புக் கேட்டிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். ஆனால் நைனாவின் விரல்கள் இழையை உருட்டிப் பார்த்தன. கை தானாகச் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தது. நூல் என்று எதைக் கண்டாலும் கொளுத்திப் பார்ப்பது எங்கள் குடும்ப வியாதி. பட்டு என்றால் மயிர் கருகும் நாற்றம் வரும், சாம்பலாகும். இது உருகி, வேல் முனையிலேயே கறுப்பு உருண்டையாகி நின்றது.

“பட்டு இல்லீங்க,” என்றார் நைனா, மிகுந்த மரியாதையோடு. “பாலியஸ்டர். எவனோ உங்கள நல்லா ஏமாத்திக்கிறான்.”

“ஏங்க, காரை எடுக்கச் சொல்லுங்க,” என்றார் புஷ்பலதா.

வாசலில் பையன் அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அம்மா பார்ப்பது தெரிந்ததும் ஷூவைப் பார்த்தான்.

மறுநாள் எலியாஸ் கிரைண்டிங் மிஷினோடு வந்து, முனைகளை மழுக்கித் தரட்டுமா என்றார்.

“படிய வுடுங்கண்ணா,” என்றாள் அக்கா. “எங்க நைனா வாய்க்கு ஒரு கேட்டு போட்டுக் குடுங்க. பூட்டோட.”

நைனா காதில் வாங்கவில்லை. “எல்லாத்தையும் மழுக்கிக்கோ. அந்த ஒன்ன மட்டும் தொடாத,” என்றார்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் பாதிப் படி வரை அழைத்துப்போகிறார். ஏரியைக் காட்டுவதில்லை. “பாருங்க, உருண்டையா நிக்குது பாருங்க,” என்கிறார்.