ரஞ்சிதத்தின் கண்ணும் சசிரேகாவின் கையும்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, கண்ணுகளா. ஈப்போ டவுன் ஆஸ்பத்திரியில் கண் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் சொன்னது. "எழுதுங்க, பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன்: ரஞ்சிதம்.

'பனி மூடிய மலைச்சரிவில் ரஞ்சிதம் மெல்ல...' என்று தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டேன். அவளுக்கு வந்த வினைக்குப் பனியை ஏன் இழுக்க வேண்டும்?

2

மலைமேல் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து வெட்டும் மெசினை இரண்டு பேர் பிடிக்கணும்; நிரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. பன்னிரண்டு வருசமாக ரஞ்சிதத்துக்கு அந்தப் பக்கம் நின்றது நாத்தனார் சசிரேகா.

ஒருநாள் வெட்டின செடியெல்லாம் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. சாம்பசிவம் கங்காணி ஏசினார். ரஞ்சிதம் கண்ணுக்கு சசி பக்கம்தான் தாழ்ந்து தெரிந்தது.

"சசிக்குக் கை நடுங்குது கங்காணி. ஆளை மாத்துங்க."

சசியை நாற்றுமேட்டுக்கு, பையில் மண் ரொப்ப அனுப்பிவிட்டார்கள். அன்றோடு சசி அண்ணியிடம் பேச்சை நிறுத்தினாள். (அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அழுகிற ஆளில்லை அவள்.)

புதுசாக நிக்கலஸ் வந்தான். அப்போதும் கோணல். மெசினுக்கு வயசாகிவிட்டது என்றாள் ரஞ்சிதம்.*

* கோடு வளைந்து தெரிவது ஒரு மனுசிக்குத் தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். டவுன்காரிக்குத் தெரிந்திருக்கும். மலையில் எந்த நிரை நேராகப் போகிறது? கண் வளைத்ததையும் மலை வளைத்தது என்றே நினைத்துக்கொண்டாள், பாவம்.

3

தானா ராத்தா கிளினிக்கில் இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, மருந்து வாங்கப் போனவளின் கண்ணைப் படமெடுத்து, ஈப்போவுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே டாக்டர் கட்டம் போட்ட தாளைக் காட்டினார்.

"பேப்பர் கசங்கியிருக்கே டாக்டர்."

தாள் தகடு மாதிரி இருந்தது. இனிப்பு நீரால் விழித்திரை நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது, அதனால்தான் கோடு வளைகிறது, நேரே பார்க்கிற முகம் கலங்குகிறது என்றார். ரஞ்சிதத்துக்குக் கண்ணைப் பற்றிய கவலை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது சசியின் கை.

மாசாமாசம் கண்ணில் ஊசி. வீக்கம் அசையவில்லை. கடைசியாக, ஸ்டீராய்டு மருந்து உள்ள குச்சி ஒன்றைக் கண்ணுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டர். அரிசி நீளம், நூல் பருமன். சில மாசம் மருந்தைக் கசியவிட்டுத் தானே கரைந்துவிடும். கண் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம். தவறாமல் செக்கப்புக்கு வரணும். குச்சி வைக்கிற அன்றைக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.

ரஞ்சிதம் யாரையும் கேட்கவில்லை. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டின லைன் வீட்டில் எது ஒளியும்? பஸ்ஸுக்குப் போனால் அங்கே சசி நிற்கிறாள்.

4

மரத்துப்போன கண்ணில் 'டிக்' என்று ஒரு சத்தம். முடிந்துவிட்டது. "இம்புட்டுத்தானா?" என்று கேட்டாளாம்.

திரும்பும் பஸ்ஸில், ஒரு கண் கட்டோடு சொன்னாள்: "கோளாறு என் கண்ணுலதான் புள்ள. உன் கையில இல்ல."

சசி ஜன்னலைப் பார்த்தபடி, "அத எதுக்கு அண்ணி என்கிட்ட சொல்றீங்க? கங்காணிகிட்டதானே சொன்னீங்க?" என்றாள்.

(இதற்குமேல் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். இடமில்லை.)

5

ஆறு வாரம் கழித்து வீக்கம் வடிந்திருந்தது. அழுத்தமும் ஏறவில்லை. கட்டங்கள் நிமிர்ந்து நின்றன. மறுபடியும் குச்சி தேவைப்படலாம் என்றார் டாக்டர். "வச்சுக்குவோம்லா" என்று சிரித்தாள் ரஞ்சிதம். அதைக் கேட்டு எனக்கே நிம்மதியாகிவிட்டது.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "அன்னிக்கி நான் சொன்னது தப்பு கங்காணி. எனக்குத்தான் கண்ணு சரியில்ல. சசி கைக்கு ஒரு கொறையுமில்ல."

மெசினுக்குத் திரும்புகிறாயா என்று கங்காணி சசியைக் கேட்டார்.

முடிவு ஒன்று: சசி ஓடிவந்து... வேண்டாம், சினிமா. முடிவு இரண்டு: நாற்றுமேட்டில் நிழல் இருக்கிறது, அங்கேயே இருக்கிறேன் என்கிறாள். அதுவும் நியாயம்தானே?

இந்த இடத்தில் நர்ஸ் என் பேரைக் கூப்பிட்டுவிட்டாள், கண்ணுகளா; மிச்சத்தைக் கேட்க முடியவில்லை. ஆகவே நீங்கள்தான் அங்கே போய் நிற்கணும். ரஞ்சிதம் நிமிர்கிறாள். ஒரு வருசத்துக்கு மேலாக நடுவில் கலங்கிக் கிடந்த சசியின் முகம், மூக்குத்தி, புருவம், உதட்டோரம் என்று ஒவ்வொன்றாகத் தெரிகிறது. சசி வாயைத் திறக்கப் போகிறாள். என்ன சொல்வாள்? நீங்களே சொல்லுங்கள்.